இரும்பிலும் ரகம் உண்டு: எடைக்கல் முதல் தெருக்குழாய் வரை

அரிசி வேண்டும் என்று ஒருவர் கடைக்கு வந்தால், "என்ன அரிசி?" என்று கேட்காமல் நாம் மூட்டையைப் பிரிப்பதில்லை. பச்சரிசியா, புழுங்கலா, இட்லிக்கா, சாப்பாட்டுக்கா, புதியதா, பழையதா என்று கேட்டுத்தான் அளக்கிறோம். பருப்பு, புளி, வெல்லம் என்று எதை எடுத்தாலும் ரகம் பார்ப்பதே நம் தொழில். ஆனால் இரும்பு என்று வந்துவிட்டால் மட்டும் எல்லாம் ஒன்று என்று நினைத்துக் கொள்கிறோம்.

நம் கடையையே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். தராசின் அருகில் எடைக்கல், மூட்டையைப் புரட்டும் கொக்கி, வாசலில் ஷட்டர், விற்பனைக்கு வைத்திருக்கும் தோசைக்கல், தண்ணீர்க் குழாயில் ஒரு எல்போ, கடைக்கு முன்னால் தெருவுக்கு அடியில் குடிநீர்ப் பிரதானக் குழாய். எல்லாமே இரும்புதான். ஆனால் ரகம் வேறு, குணம் வேறு. ஒன்று கீழே விழுந்தால் உடையும், மற்றொன்று வளையும், இன்னொன்று இரண்டுமின்றித் தாங்கும். இந்த வேறுபாடு தெரியாததால் எடை குறைகிறது, சரக்கு திரும்பி வருகிறது, சில சமயம் கிடங்கில் தண்ணீர் புகுந்து மூட்டைகள் நனைகின்றன. ஆகவே இரும்புக்கடைக்காரர்கள் மட்டுமல்ல, மளிகைக்கடைக்காரர்களும் இதைச் சற்று அறிந்து கொள்வது நல்லது.

கரி செய்யும் வேலை

இரும்பின் ரகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதில் கலந்திருக்கும் கரி. சுரங்கத்திலிருந்து வரும் இரும்புத் தாதுவை உலையில் கல்கரியோடு உருக்கும்போது, கரியில் ஒரு பகுதி இரும்போடு கலந்து விடுகிறது. பாகில் சர்க்கரை கரைவதைப் போல, உருகிய இரும்பில் கரி கரைந்து நிற்கும்.

சுத்தமான இரும்பு உருக 1538 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்கு அளவுக்குக் கரி சேர்ந்தால் ஏறக்குறைய 1150 டிகிரியிலேயே உருகி விடும். இப்படி எளிதில் உருகி, தண்ணீர் போல் ஓடி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பும் இரும்பே வார்ப்பிரும்பு. இதில் கரி நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை இருக்கும். ஒரு டன் வார்ப்பிரும்பில் 35 கிலோ கரி இருப்பது சாதாரணம்.

நாம் கம்பி, தகடு, ஆங்கிள் என்று வாங்குவது மெல்லெஃகு. வியாபாரத்தில் எம்.எஸ். என்பார்கள். இதில் கரி மிகவும் குறைவு. ஒரு டன்னுக்கு இரண்டரைக் கிலோ கூட இருப்பதில்லை. அதனால்தான் இதை வளைக்கலாம், அடித்து நீட்டலாம். ஷட்டர் தகடும் மூட்டைக் கொக்கியும் இந்த வகை. கரி இதைவிடக் கூடுதலாக, நூற்றுக்கு ஒரு பங்கை நெருங்கினால், பதம் வைத்துக் கடினமாக்கக்கூடிய எஃகு கிடைக்கும். அரமும் உளியும் அந்த இனத்தைச் சேர்ந்தவை.

கரி குறைந்தால் வளையும். கூடினால் எளிதில் உருகும், ஆனால் உடையும். பல நூற்றாண்டுகளாக இரும்புத் தொழில் இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக் கொண்டிருந்தது. எளிதாக வார்க்கவும் வேண்டும், உடையவும் கூடாது என்றால் என்ன செய்வது?

அவலும் மிளகும்

உருகிய வார்ப்பிரும்பு ஆறி இறுகும்போது, அதில் கரைந்திருந்த கரியின் பெரும்பகுதி பிரிந்து தனியே படிகிறது. அப்படிப் படியும் கரிக்குக் கிராஃபைட் என்று பெயர். பென்சிலுக்குள் இருப்பதும் இதுவே. கிராஃபைட்டுக்குத் தன்னளவில் பலம் கிடையாது. எடையில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்றாலும், அது இரும்பைவிட மிக இலேசானது என்பதால், இடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை அடைத்துக் கொள்கிறது.

சாதாரண வார்ப்பிரும்பில் இந்தக் கிராஃபைட் அவலைப் போலத் தட்டையாக, விளிம்பு கூர்மையாகப் படிகிறது. உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறமாக இருப்பதால் இதைச் சாம்பல் வார்ப்பிரும்பு என்பார்கள். அந்த அவல் வடிவம்தான் உடைவதற்குக் காரணம்.

இதை விளங்கிக் கொள்ள ஆராய்ச்சிக்கூடம் வேண்டாம். நம் கடையில் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டே போதும். அதன் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கிறது. அந்த இடத்தில் பிடித்து இழுத்தால் பாக்கெட் சட்டென்று கிழிகிறது. வெட்டு இல்லாத இடத்தில் இழுத்தால் கை வலிக்கிறது. கூரான வெட்டின் முனையில் இழுவிசை முழுவதும் ஒன்றாகக் குவிவதே இதற்குக் காரணம். சாம்பல் வார்ப்பிரும்பின் உள்ளே ஒவ்வொரு கிராஃபைட் அவலும் இப்படி ஒரு வெட்டு. கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் வெட்டுகள் உள்ளே இருக்கும்போது, ஓங்கி ஓர் அடி விழுந்தால் விரிசல் ஒரு அவலிலிருந்து அடுத்த அவலுக்குத் தாவி ஓடி விடுகிறது.

அதே கிராஃபைட் அவலாக இல்லாமல் மிளகைப் போல உருண்டையாகப் படிந்தால்? உருண்டைக்குக் கூர்மையான முனை இல்லை. இழுவிசை ஓரிடத்தில் குவிவது வெகுவாகக் குறைந்து விடும். விரிசல் ஓட வழி கிடைக்காது. கரியின் அளவும் பழையபடியே, உருக்கி வார்க்கும் எளிமையும் பழையபடியே. ஆனால் இரும்பு உடைவதற்குப் பதில் வளைந்து கொடுக்கும். இதுவே டக்டைல் இரும்பு. வியாபாரத்தில் டி.ஐ. என்றும், பவுண்டரிகளில் எஸ்.ஜி. அயர்ன் என்றும் சொல்வது இதைத்தான்.

1943இல் கிடைத்த விடை

இந்த மிளகு வடிவத்தை வரவழைக்கும் வழி 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரால் குரோமியத்துக்குத் தட்டுப்பாடு. இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியின் ஆராய்ச்சியாளர் கீத் மில்லிஸ், தேய்மானம் தாங்கும் வார்ப்பிரும்பில் குரோமியத்துக்குப் பதில் எதைச் சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து வந்தார். மெக்னீசியம் சேர்த்த இரும்பில் கிராஃபைட் உருண்டை உருண்டையாகப் படிந்திருந்தது. 1948இல் இது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1949இல் காப்புரிமை கிடைத்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஹென்டன் மாரோ என்பவர் சீரியம் என்ற உலோகத்தைக் கொண்டும் இதே பலனைப் பெற்றார்.

மழைக்காலத்தில் நம் கல்லுப்பு கசிவதற்கு, அதில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு ஈரத்தை இழுப்பது ஒரு காரணம் என்பதைப் பலரும் அறிவோம். அந்த உப்புக்குள் இருக்கும் மெக்னீசியமே தனி உலோகமாக இங்கே வேலை செய்கிறது. அளவோ மிகமிகக் குறைவு. இறுகிய இரும்பில் ஒரு டன்னுக்கு 300 முதல் 500 கிராம் வரை நின்றால் போதும்.

ஆனால் அதை நிறுத்துவது எளிதல்ல. மெக்னீசியம் 1090 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி விடும். உருகிய இரும்போ 1400 டிகிரிக்கு மேல் இருக்கிறது. ஆகவே சேர்த்த உடனே கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு பொங்கும். இரும்பில் கந்தகம் கூடுதலாக இருந்தால் மெக்னீசியத்தை அதுவே விழுங்கி விடும் என்பதால் முதலில் கந்தகத்தைக் குறைக்க வேண்டும். சேர்த்த பின் தாமதித்தால் மெக்னீசியம் குறைந்துகொண்டே போய், கிராஃபைட் மறுபடி அவல் வடிவத்துக்குத் திரும்பி விடும். எனவே சில நிமிடங்களுக்குள் அச்சில் ஊற்றியாக வேண்டும். வெல்லப்பாகு காய்ச்சுகிறவருக்குப் பதம் எவ்வளவு முக்கியமோ, பவுண்டரிக்காரருக்கும் அவ்வளவு முக்கியம். பதம் தப்பிய வார்ப்பு வெளியில் பார்க்க நன்றாகவே இருக்கும். குறை உள்ளே இருக்கும். நல்ல பவுண்டரிகள் ஒவ்வொரு கலயத்திலும் மாதிரி எடுத்துச் சோதிப்பது இதனால்தான்.

தெருவில் இறக்கி வைத்த கறுப்புக் குழாய்

குடிநீர்த் திட்ட வேலை நடக்கும் ஊர்களில், ஒரு பக்கம் வாய் அகன்ற கறுப்புக் குழாய்களைச் சாலையோரம் அடுக்கி வைத்திருப்பார்கள். அவை பெரும்பாலும் டி.ஐ. குழாய்கள். முன்காலத்தில் இதே இடத்தில் சாம்பல் வார்ப்பிரும்புக் குழாய்களே போடப்பட்டன. அவை ஆயுள் மிக்கவை. 1664ஆம் ஆண்டு பிரான்ஸ் மன்னர் 14ஆம் லூயியின் ஆணைப்படி வெர்சாய் அரண்மனைக்காகப் போடத் தொடங்கிய வார்ப்பிரும்புக் குழாய்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர் கொண்டு வந்தன. ஆனால் அந்தக் குழாய்கள் கண்டது குதிரை வண்டிகளை. கடைவீதியில் சரக்கு லாரி நின்று கிளம்பும்போது மண் அமுங்குகிறது. மண் அமுங்கினால் சாம்பல் வார்ப்பிரும்புக் குழாய் குறுக்கே வெடித்து விடும். டி.ஐ. குழாய் சற்று வளைந்து கொடுக்கும்.

எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதற்குத் தரக் கட்டளை உண்டு. டி.ஐ. குழாய்களுக்கு ஐ.எஸ். 8329, வளைவு, டீ முதலிய இணைப்புகளுக்கு ஐ.எஸ். 9523. வழக்கமான அளவுக் குழாய்களில் 100 மி.மீ. நீள மாதிரியை இழுத்தால் அறுந்து போவதற்குள் குறைந்தது 110 மி.மீ. வரை நீள வேண்டும். இணைப்புகளுக்கு 105 மி.மீ. போதும். சாம்பல் வார்ப்பிரும்பு நீளுவதே இல்லை என்று சொல்லி விடலாம்.

குழாயைவிட இணைப்புக்கு ஏன் குறைவு என்று கேட்கலாம். குழாய், சுழலும் அச்சில் வார்க்கப்படுகிறது. சுழற்சி வேகத்தில் இரும்பு அச்சின் சுவரோடு நெருங்கி ஒட்டி, இறுக்கமாகவும் ஒரே கனமாகவும் அமைகிறது. வளைவையும் டீயையும் சுழற்றி வார்க்க முடியாது. மணல் அச்சில்தான் ஊற்ற வேண்டும். அந்தக் குறையை ஈடு செய்யக் கனத்தைக் கூட்டுகிறார்கள். 300 மி.மீ. அளவில் கே9 ரகக் குழாயின் சுவர் 7.2 மி.மீ. என்றால், கே12 வளைவின் சுவர் 9.6 மி.மீ.; மூன்று பக்கம் பிரியும் கே14 டீயின் சுவர் 11.2 மி.மீ. ஆகவே குழாயைவிட இணைப்பு கனமாக இருந்தால் அது வீண் எடை அல்ல.

குழாயின் உட்புறம் சிமெண்ட் பூச்சு இருக்கும். சிமெண்டின் காரத்தன்மை இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. தண்ணீரும் சிவந்து வருவதில்லை. வெளிப்புறம் முதலில் துத்தநாகம், அதன் மேல் தார் போன்ற கறுப்புப் பூச்சு.

வளைவில் தண்ணீர் தள்ளும் பலம்

டி.ஐ. குழாய்கள் மரையால் இணைக்கப்படுவதில்லை. ஒரு குழாயின் முனை அடுத்த குழாயின் அகன்ற வாய்க்குள் ரப்பர் வளையத்தோடு நுழைகிறது, அவ்வளவே. நேர்க்கோட்டில் இது போதும். ஆனால் தெரு திரும்பும் இடத்தில் வளைவு வைத்தால், உள்ளே ஓடும் தண்ணீரின் அழுத்தம் அந்த வளைவை வெளிப்பக்கம் தள்ளிக் கொண்டே இருக்கும்.

100 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் 118 மி.மீ. அதில் 100 மீட்டர் உயர நீரின் அழுத்தம் இருந்தால், 90 டிகிரி வளைவின் மேல் விழும் தள்ளு ஒன்றரை டன்னுக்கு மேல். அதாவது 50 கிலோ அரிசி மூட்டை 30 சேர்ந்து ஒரே பக்கம் சாய்வதற்குச் சமம். 300 மி.மீ. குழாயில் இதே கணக்கு 12 டன் ஆகி விடும்! இதைத் தாங்கவே வளைவுக்குப் பின்னால் மண்ணோடு சேர்த்துக் கான்கிரீட் கட்டி போடுகிறார்கள்.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், கடை வாசலில் படி கட்டும்போதும், பந்தல் கால் நடும்போதும் கடப்பாரையில் தட்டுப்படும் அந்தக் கான்கிரீட் கட்டியை "யாரோ விட்டுப் போன குப்பை" என்று உடைத்து விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்று ஒன்றும் ஆகாது. பின்னொரு நாள் முழு அழுத்தத்தில் தண்ணீர் விடும்போது வளைவு நழுவி, தெருவே வெள்ளமாகும். முதலில் நனைவது நம் கிடங்குதான். மூலையில் கடை வைத்திருப்பவர்கள் தோண்டும் முன் குடிநீர்ப் பிரிவினரிடம் கேட்டுக் கொள்வது நலம்.

வீட்டுக் குழாயின் எல்போ

வீட்டுக்கும் கடைக்கும் வரும் ஜி.ஐ. குழாய் எஃகுக் குழாய்; மேலே துத்தநாகப் பூச்சு. அதில் மாட்டும் எல்போ, டீ, சாக்கெட், யூனியன் ஆகியவை பெரும்பாலும் மூன்றாவது ரகமான மேலியபிள் வார்ப்பிரும்பு. கிராஃபைட் பிரியாத வெள்ளை வார்ப்பிரும்பாக முதலில் வார்த்து, பிறகு உலையில் நாள் கணக்கில் பதமாகச் சுட்டால், கரி சிறு சிறு முடிச்சுகளாகத் திரண்டு இரும்பு உடையாத தன்மை பெறும். 1826இல் அமெரிக்காவில் சேத் பாய்டன் இந்த வகையைச் செய்து காட்டினார். பல நாள் சுடும் இந்த வேலையைப் பல இடங்களில் மிச்சப்படுத்தியதே டக்டைல் இரும்பின் வெற்றி.

சில்லறைக்கு இந்தச் சரக்கை வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐ.எஸ். 1879 குறியும் தயாரிப்பாளர் அடையாளமும் இருக்கிறதா என்று பாருங்கள். மரை சுத்தமாக, கையால் இரண்டு மூன்று சுற்று தடையின்றி ஏற வேண்டும். ஊசித் துளைகள் இருந்தால் ஒதுக்கி விடுங்கள். தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்கலாம். சாம்பல் வார்ப்பிரும்பு மந்தமாக ஒலிக்கும்; டக்டைல் இரும்பு மணி போல் கணீர் என்று ஒலிக்கும். விரிசல் இருந்தாலும் ஒலி மந்தமாகும் என்பதால், இதை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக் கொள்ளுங்கள். முடிவான சோதனையாகக் கொள்ள வேண்டாம். குழாயில் புதிதாக மரை வெட்டும்போது அந்த இடத்தில் துத்தநாகம் போய் விடும். துரு அங்கிருந்துதான் தொடங்கும். வெளியே தெரியும் மரையில் வண்ணம் பூசச் சொல்வது வாடிக்கையாளருக்கு நாம் செய்யும் உதவி.

எடைக்கல்லும் துருவும்

இனி நம் தொழிலின் அஸ்திவாரமான எடைக்கல்லுக்கு வருவோம். மின்னணுத் தராசு வந்து விட்டாலும், இரும்பு எடைக்கல் இன்னும் பல கடைகளில் புழங்குகிறது. இது சாம்பல் வார்ப்பிரும்பு. விலை குறைவு, அச்சில் சுத்தமாக நிரம்பும், நசுங்காது. ஆனால் மேலே சொன்ன அவல் குணம் இதற்கும் உண்டு. தரையில் போட்டால் மூலை பெயரும். பெயர்ந்த அளவு எடை போயிற்று.

துருவின் கணக்கு இன்னும் நுட்பமானது. இரும்போடு காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்ததே துரு. 100 கிராம் இரும்பு முழுவதும் துருவானால், ஆக்சிஜனைச் சேர்த்தே 143 கிராம் ஆகும், ஈரம் வேறு. ஆகவே துரு உதிராமல் ஒட்டியிருக்கும் வரை கல்லின் எடை கூடும். நாம் கூடுதல் சரக்கு கொடுப்போம். துரு உதிர்ந்த பின் எடை குறையும். வாடிக்கையாளர் குறைவாகப் பெறுவார். 5 கிலோ கல்லில் 10 கிராம் வித்தியாசம் என்றால், நூறு தடவை நிறுத்தால் ஒரு கிலோ. முதலில் நமக்கு நஷ்டம். பிறகு நம் பெயருக்கு நஷ்டம்.

உப்பு இதை விரைவுபடுத்தும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்து, துரு உண்டாகும் மின்வேதி வேலைக்கு வழி செய்கிறது. உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஷட்டரின் அடிப்பகுதி முதலில் அரிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புளியின் அமிலமும் இரும்புக்கு ஆகாது. எனவே எடைக்கல்லைப் பலகையில் வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து வாருங்கள். உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்க வேண்டாம். வண்ணமும் பூச வேண்டாம். அடியில் உள்ள குழியில் ஈயம் அடைத்து முத்திரை வைத்திருப்பார்கள். எடையைச் சரி செய்வது அந்த இடத்தில்தான். அதைத் தொடுவது குற்றம்.

2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டு விதிகளின்படி எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் 24 மாதங்களுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்டி வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. மூலை பெயர்ந்த கல்லோடும் துருவேறிய கல்லோடும் முத்திரைக்கு முந்தின நாள் வரை காத்திருக்கத் தேவையில்லை. கண்டவுடன் மாற்றி விடுங்கள்.

தோசைக்கல் வாங்க வருபவருக்கு

வார்ப்புத் தோசைக்கல்லும் சாம்பல் வார்ப்பிரும்பே. சூட்டைப் பிடித்து வைத்திருப்பதில் இதற்கு நிகர் குறைவு. ஆனால் காய்ந்த கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கி, விரிசல் விடும். தகட்டுத் தோசைக்கல் மெல்லெஃகு. உடையாது, ஆனால் மெல்லியதாக இருந்தால் நெளியும். எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்கும்போது, எண்ணெய் இறுகி ஒரு படலமாக இரும்பின் மேல் பிடிக்கிறது. அந்தப் படலமே துருவையும் தடுக்கிறது, தோசை ஒட்டாமலும் காக்கிறது. சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்தால் அது போய் விடும். விற்கும்போதே இந்த நான்கு வார்த்தை சொல்லி அனுப்பினால், உடைந்த கல்லோடு திரும்பி வரும் வாடிக்கையாளர் குறைவார்.

வணிகப் பெருமக்களே, கொல்லன் தெருவில் ஊசி விற்பதாக யாரும் நினைக்க வேண்டாம். இரும்புக்கடை நண்பர்களுக்கு இவற்றில் பல முன்பே தெரிந்தவை. மற்றவர்கள் இன்று கடை மூடும் முன் மூன்று காரியங்களை மட்டும் பாருங்கள்: எடைக்கல்லின் மூலையும் முத்திரைத் தேதியும் சரியாக இருக்கின்றனவா, உப்பு மூட்டை இரும்பை விட்டு விலகி இருக்கிறதா, வாசலில் தோண்டும் வேலை ஏதும் இருந்தால் அடியில் குழாய் வளைவு இருக்கிறதா. செலவு ஒன்றுமில்லை, கால் மணி நேரம் போதும்.